அரிதட்டில் நின்ற கல்லையும் எண்ணுங்கள்: உலர் வலய ஆற்றங்கரை மண்ணில் செய்யும் தவறுகள்

போன கிழமை வவுனியா இரவு பஸ்ஸில் எட்டு மண் பைகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தன. புதிதாகச் சேர்ந்த இரண்டு பயிலுநர்கள் அவற்றைப் பிரித்துக் காயவைத்து, அடுத்த நாள் 2 மி.மீ. அரிதட்டில் அரித்தார்கள். கொஞ்ச நேரத்தில், தகர வாளிக்குள் கல் கொட்டுகிற சத்தம் கேட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் நானும் அதே சத்தத்தை எழுப்பியிருக்கிறேன். எழுந்து போய், "பிள்ளையள், அந்தக் கல்லை எடை நிறுத்தீங்களா?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இல்லை மிஸ், அது குப்பைதானே?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். பையில் பெயர் எழுதுவது, எருக்குவியலுக்குப் பக்கத்தில் மண் எடுக்காமல் விடுவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். நான் சொல்லப்போவது அனுபவம் வந்த பிறகும் விடாமல் செய்யப்படும் தவறுகளை.

எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அருவியாறு, பறங்கியாறு, கனகராயன் ஆறு போன்றவை வருடத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் கரை புரண்டு ஓடுகிறவை. வெள்ளம் வேகமாக வரும்போது கல்லையும் பருமணலையும் போடும், வேகம் குறையும்போது நுண்மணலைப் போடும், தேங்கி வடியும்போது வண்டலைப் போடும். அடுத்த வெள்ளம் அதன்மேல் வேறு படை போடும். ஆகவே இந்த மண் மேலிருந்து கீழே ஒரே சீராக இருக்காது, அடுக்கடுக்காக இருக்கும். சேதனப் பொருளும் ஆழத்தோடு ஒழுங்காகக் குறைந்துகொண்டு போகாது. அறுபது சென்ரிமீற்றரில் திடீரென்று ஒரு கறுத்த படை வந்தால் பயப்பட வேண்டாம். அது ஒரு காலத்தில் மேல்மண்ணாக இருந்து, பிறகு வந்த வெள்ளத்தில் புதைந்தது.

கல்லை வீசிவிட்டு அறிக்கை எழுதுவது

இந்தத் தவறுக்கு விலை அதிகம். இன்றைக்கும் யாராவது செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த விலையைக் கொடுக்கிறவர் ஆய்வுகூடத்தில் இருப்பதில்லை, தோட்டத்தில் நிற்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். மன்னார் மாவட்டத்தில் அருவியாற்றுக்குக் கிட்ட ஒரு பெரியவர் சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீரை வைத்து மிளகாய் போட நினைத்தார். மண் வந்தது. அரித்தேன், கல்லைக் கொட்டினேன், கீழே விழுந்த நுண்மண்ணைச் சோதித்தேன். நல்ல மண்தான். மணற்பாங்கான இருவாட்டி (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்), பொஸ்பரசு மோசமில்லை, உப்பு இல்லை. நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

ஆடியில் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியது. மூன்றாம் நாளே செடி வாடுகிறது, பூ உதிர்கிறது என்று தகவல் வந்தது. வாடுகிறதே என்று அவர் தண்ணீரை இரட்டிப்பாக விட்டார். அதோடு போட்ட யூரியாவும் கழுவிக்கொண்டு கீழே போனது, இலை மஞ்சளானது. நான் போய்ச் சேர்ந்தபோது பாதித் தோட்டம் முடிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஒரு கை மண்ணை அள்ளி, விரலிடுக்கால் நுண்மண்ணை வழியவிட்டு, மிஞ்சிய கூழாங்கற்களை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பிள்ளை, நீர் பாத்தது என்ர காணியை இல்லை. உம்மட அரிதட்டுக்குள்ளால விழுந்ததைத்தான்."

அவர் சொன்னதை எண்ணில் வைத்துப் பார்ப்போம். ஆய்வுகூடம் தருகிற முடிவு எல்லாம் 2 மி.மீ.க்குக் கீழான நுண்மண்ணுக்கு உரியது. குவார்ட்ஸ் கூழாங்கல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, பசளையையும் பிடிக்காது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நுண்மண் ஒரு மீற்றர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய 80 மி.மீ. தண்ணீரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் வேர் அரை மீற்றர் என்றால் 40 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததும் அடுத்த தண்ணீர் என்றால் 20 மி.மீ. ஒரு நாளைக்கு 5 மி.மீ. இழப்பு என்றால் நாலு நாள். நான் போட்ட கணக்கு இதுதான்.

இனி அதே மண்ணின் கனவளவில் 36 வீதம் கல் என்று வையுங்கள். 40 மி.மீ. 25.6 ஆகிறது. பாதி 12.8. அதாவது இரண்டரை நாள். மீதி ஒன்றரை நாளும் செடி வாடிக்கொண்டு நின்றது. சோளகத்தில் ஐந்துக்கு மேலேயும் போகும், அதனால் இரண்டரை நாள் என்பதே தாராளமான கணக்கு.

பசளையிலும் இதே கதைதான். ஒரு ஹெக்டயரில் மேல் 15 சென்ரிமீற்றர் என்பது 1500 கன மீற்றர். நுண்மண்ணின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.5 தொன் என்றால் 2250 தொன் மண். கிலோவுக்கு 10 மில்லிகிராம் பொஸ்பரசு இருந்தால் ஹெக்டயருக்கு 22.5 கிலோ. கல்லைக் கழித்துவிட்டால் மண் 1440 தொன், பொஸ்பரசு 14.4 கிலோ. மண்ணில் எட்டுக் கிலோ இருப்பதாக நம்பி அடிக்கட்டுப் பசளையைக் குறைத்தால், அந்த எட்டுக் கிலோ எங்கேயிருந்து வரும்?

இங்கே ஒரு கிளைத்தவறும் இருக்கிறது. கல்லை எடை நிறுத்து "ஐம்பது வீதம்" என்று எழுதிவிட்டு, அதையே கனவளவாக எடுத்துத் தண்ணீர்க் கணக்கைப் பாதியாக்கிவிடுகிறார்கள். கல்லின் அடர்த்தி ஏறக்குறைய 2.65, நுண்மண்ணின் அடர்த்தி 1.5. நிறையில் பாதிக்குப் பாதி என்றால் கனவளவில் கல் 36 வீதம்தான். எடையை அடர்த்தியால் வகுத்து இரண்டையும் கனவளவாக்கிய பிறகுதான் வீதம் எடுக்க வேண்டும்.

களத்திலேயே இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நான் செய்கிற முறை இது. நிலத்தை மட்டப்படுத்தி, ஒவ்வொரு பக்கமும் 20 சென்ரிமீற்றர் அளவில் ஒரு குழி வெட்டுங்கள். வெட்டிய மண் முழுவதையும் ஒரு சாக்கில் போடுங்கள், ஒரு கல்லும் தவற வேண்டாம். குழிக்குள் மெல்லிய பொலித்தீன் தாளை நன்றாகப் படிய விரித்து, அளந்த தண்ணீரை நிலமட்டம் வரை ஊற்றுங்கள். எத்தனை லீற்றர் போனதோ அதுதான் குழியின் கனவளவு. சாக்கிலுள்ள கல்லைப் பிரித்துக் கழுவிக் காயவைத்து நிறுங்கள். குழி 8 லீற்றர், கல் 7.6 கிலோ என்றால், 7.6 ஐ 2.65 ஆல் வகுக்க 2.87 லீற்றர். எட்டில் 36 வீதம்.

கழுவுவதைச் சும்மா சொல்லவில்லை. கூழாங்கல்லை நனைத்துப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள், செம்மண் நிறத்தில் ஒரு வழுக்கல் வரும். அது கல்லில் ஒட்டியிருக்கும் களி. மணற்பாங்கான மண்ணில் களியே கொஞ்சம்தான், அதில் ஒரு பங்கு கல்லோடு வாளிக்குள் போய்விட்டால் மணல், வண்டல், களி எவ்வளவு என்று பார்க்கும் உங்கள் இழையமைப்புப் பரிசோதனையும் பிழை.

அந்தப் பெரியவரின் காணிக்கு நட்டஈடு கொடுக்க என்னிடம் அன்றைக்கு எதுவும் இருக்கவில்லை. அடுத்த போகத்துக்கு நானே போய்க் குழி வெட்டி, தண்ணீர்க் கணக்கைத் திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை, அளவாக. யூரியாவையும் பல தடவையாகப் பிரித்துப் போட்டார்.

ஓகர் (மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி) நின்ற இடத்தைப் பாறை என்று எழுதுவது

அது பெரும்பாலும் பாறை இல்லை, சரளைப் படை. அலவாங்கால் குத்திப் பாருங்கள். இந்த மண்ணுக்கு ஓகர் மட்டும் போதாது, ஒரு மீற்றர் ஆழத்துக்குக் குழி வேண்டும்.

"கீழே சரளை, தண்ணீர் நிற்காது"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நுண்மணலோ வண்டலோ மேலே இருந்து, அடியில் திடீரென்று பருஞ்சரளை தொடங்கினால், மேற்படை எல்லையோரம் ஏறக்குறைய நிரம்பும்வரை தண்ணீர் கீழே இறங்காது. நுண்துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கல்லிடுக்கின் பெரிய துளைகளால் அதை இழுத்தெடுக்க முடியாது. நிரம்பிவிட்டால் பிறகு ஒரே ஊற்றாக ஊற்றும்.

குழியின் சுவரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கத்தி நுனியால் சுவரை மெல்லச் சுரண்டினால், நாற்பது சென்ரிமீற்றர் வரை நேரே இறங்கிய வெள்ளை வேர்கள், சரளை தொடங்கும் கோட்டில் மடங்கிப் பக்கவாட்டில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். கோட்டுக்கு மேலே விரலை வைத்தால் குளிர்ச்சி, கீழே வைத்தால் காய்ந்த கல். அந்த மேற்படைதான் அந்தக் காணியின் தண்ணீர்த் தொட்டி. அதை "இறுகிய படை" என்று நினைத்து ஆழ உழுது சரளையோடு கலக்கச் சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்த ஆலோசனையைக் கொடுக்காதீர்கள். கலந்த பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

கொழும்புக் கண்ணோடு ஆற்றைப் பார்ப்பது

எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த ஆறு களனி கங்கை. கடுவலைப் பக்கம் வெள்ளச் சமவெளி என்றால் தோண்டினால் தண்ணீர், கால் வைத்தால் சேறு. அதே நினைப்போடு உலர் வலயத்துக்குப் போய், "ஆற்றங்கரை, ஆகவே ஈரம்" என்று எழுதுகிறார்கள். ஆண்டுக்கு 1750 மி.மீ.க்குக் குறைந்த மழைதான் உலர் வலயத்துக்கு. அதிலும் பெரும்பங்கு ஒரு சில மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணியில் அருவியாற்று மணலில் தோண்டினால் ஊற்று வரலாம். அதற்காகக் கரையிலிருக்கும் மேட்டுக்காணிக்கு அந்தத் தண்ணீர் எட்டும் என்று நினைக்கக் கூடாது. பருமணலில் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறுகிற தூரம் மிகக் குறைவு.

கல்பிட்டி மணலைப் பற்றிப் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவருவதும் இதே வகைதான். அது கடற்கரை மணல், பெரும்பாலும் ஒரே சீரானது. இது ஆறு போட்டது, அடுக்கானது. யூரியாவை ஒரே தடவையில் கொட்டக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஆற்றோடு நடப்பது

ஆறு ஓடும் திசையில் நடந்து ஐந்து குழி வெட்டினால் ஐந்தும் ஒரே மாதிரி இருக்கும். ஆற்றுக்குக் குறுக்கே நடங்கள். மருத மரம் நிற்கும் கரைமேடு பருமணல், அதற்குப் பின்னால் இறங்கும் பள்ளம் வண்டலும் களியும். ஊர்க்காரர் நெல்லைப் பள்ளத்திலும் கச்சானை மேட்டிலும் போட்டிருந்தால், உங்கள் மண் வரைபடத்தை அவர்கள் ஏற்கெனவே வரைந்துவிட்டார்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

மணலில் உப்பு இராது என்று விடுவது

இருக்கும். வங்காலை, அரிப்புப் பக்கம் கடலுக்குக் கிட்ட, நிலத்தடி நீர் ஆழமில்லாத இடத்தில், நுண்படை வழியே ஏறி மேலே வெள்ளை பூக்கும். மழை முடிந்த கையோடு சோதித்தால் தெரியாது. புரட்டாதியில், மழைக்கு முன் சோதியுங்கள்.

ஒரு கிலோப் பை

போதாது. பெருவிரல் பருமனில் கல் இருந்தால் நான் ஐந்து கிலோ கேட்கிறேன்.

ஈரத்தோடு அரிப்பது

வேண்டாம்.

அன்றைக்கு வாளியைக் கவிழ்த்து எல்லாக் கல்லையும் திரும்ப எடுத்தோம். எட்டுப் பையின் கல்லும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் அதை நிறுத்துப் பயனில்லை. வவுனியாவுக்குக் கோல் எடுத்து, இன்னொரு தடவை மண் அனுப்பும்படி கேட்டோம். ஏன் என்று மண் அனுப்பியவர் கேட்டபோது, காரணத்தைச் சொல்ல, குப்பை என்று சொன்ன பிள்ளையிடமே போனைக் கொடுத்தேன். நேற்று புதுப் பைகள் வந்தன. இப்போது பக்கத்து மேசையில் தண்ணீர்ச் சட்டிக்குள் கூழாங்கற்களைப் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.