ஹெட்போன் வாங்க உங்க காதையே நம்புங்க
பாக்ஸ்ல 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு போட்டிருந்தா மயங்கிடாதீங்க, அது மனுஷக் காது கேக்குற எல்லை அவ்வளவுதான், சவுண்ட் நல்லா இருக்குமான்னு அது சொல்லாது.

பல வருஷமா கேட்டு மனப்பாடமான நாலு பாட்டை எடுத்துக்கோங்க, ஒண்ணுல தனிக்குரல், ஒண்ணுல மிருதங்கமோ தவிலோ, ஒண்ணுல கூட்டமா வயலின்னு இருந்தா போதும். போன்ல சவுண்டோட தன்மையை மாத்துற ஈக்வலைசர் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க.

இப்போ முக்கியமான விஷயம் வால்யூம். ரெண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதுதான் நல்லதுன்னு காது நம்பிடும், எல்லாருக்குமே அப்படித்தான், அதனால ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் மாத்தி மாத்தி கேளுங்க, முடிஞ்சா விலையைப் பாக்காமலே கேளுங்க, விலை தெரிஞ்சா மனசு சாஞ்சுடும்.

இயர்போன்ல பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், கொஞ்சமும் கேக்கலன்னா உடனே ஒதுக்காதீங்க, ரப்பர் டிப் சைஸ் மாத்திப் பாருங்க, காதுல இடைவெளி இருந்தா பேஸ் கசிஞ்சு போயிடும். மின் எதிர்ப்பு 250, 300 ஓம்னு போட்டிருக்குற ஹெட்போன் மாடல்னா போன்ல நேரா சொருகினா சத்தம் பத்தாம போகலாம், சத்தத்தைக் கூட்டித் தர்ற ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தேவைப்படும்.

அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணாதீங்க, பளிச்சுன்னு கேக்குற ட்ரெபிள், அதாவது கீச்சுன்னு இருக்குற மேல் சத்தம், முதல்ல பிடிக்கும், அரை மணி நேரத்துல காதைக் குத்த ஆரம்பிச்சுடும்.