ஊட்டி ஏரி உறையுமா? உறைபனி நேரத்துத் தவறான கணக்குகள்

ஜனவரியில் காந்தலில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்பார்கள்: "ஏரி உறைஞ்சிருக்கா?" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். படகு இல்லத்தில் கட்டிப்போட்ட படகுகளின் இருக்கையில்கூட நகத்தால் பெயர் எழுதலாம். ஆனால் அதை வைத்துத் தண்ணீரைக் கணக்குப் போடக் கூடாது.

புல் ஒரே இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். ஏரியில் அது நடக்காது. மேல்தண்ணீர் குளிர்ந்தால் கனமாகிக் கீழே இறங்கும்; கீழே இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். மேலிருந்து அடிவரை 4 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் உறைவது பற்றிய பேச்சே. பகலில் 20 டிகிரியை ஒட்டி வெயில் காயும் ஊரில் அதற்கு ஏது நேரம்? விடியலில் ஏரிமேல் ஆவி எழுவதைப் பாருங்கள். காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருப்பதால்தான் அந்த ஆவி.

சாயங்காலம் மூடுபனி இறங்கினால் "நாளைக்கு உறைபனிதான்" என்று அலாரம் வைப்பவர்களும் உண்டு. நேர்மாறு. மேகமூட்டம் தரைக்குப் போர்வை மாதிரி. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அடங்கிய இரவில்தான் உறைபனி விழும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுக்கிற அளவுக்கு மேட்டு வீடுகள் வெளுப்பதில்லை. போனில் 3 டிகிரி என்று காட்டுகிறதே, உறைபனி விழாது என்று நம்பிவிடாதீர்கள். அது ஆள் உயரத்துக் காற்றின் கணக்கு. புல்நுனி அதைவிடச் சில்லிட்டிருக்கும்.

நானும் ஒரு தப்புக்கணக்கு வைத்திருந்தேன்: ஆறு உறைந்தால் போக்குவரத்து நின்றுவிடும் என்று. கனடாவில் மாண்ட்ரியலில் இருக்கும் அத்தை மகன் சிரித்தார். அங்கே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பனி உடைக்கும் கப்பல்கள் வழி திறந்துகொண்டே இருக்க, 1964 முதல் துறைமுகம் குளிர்காலத்திலும் இயங்குகிறதாம். அதற்கு மேலே, அங்குள்ள பேரேரிகளை நோக்கிப் போகும், மதகுகளால் கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் நீர்வழிதான் குளிர்காலத்தில் மூடல்.

அவ்வளவு பனி பார்த்தவர், போன ஜனவரியில் காலை ஏழு மணிக்கு இங்கே ஏரிக்கரை மரப்படியில் ரப்பர் செருப்போடு கால் வைத்தார். பலகைமேல் படிந்த மெல்லிய பனி கண்ணுக்கே தெரியாது. ஈரம் என்றுதான் தோன்றும். இடுப்பில் அடி, இரண்டு நாள் படுக்கை. படகுச் சவாரிக்கு வெயில் நன்றாக ஏறிய பிறகு போங்கள், பழைய துண்டு ஒன்றும் கையில் இருக்கட்டும். இருக்கைப் பனி உருகினால் உட்கார்ந்தவர் பேன்ட்தான் முதலில் நனையும்.