வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும்? சென்னையில் வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குவோருக்கு

“வாடகையே ஈஎம்ஐயைக் கட்டிவிடும்” என்று புரோக்கர் சொன்னால் உடனே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். சென்னையில் வீட்டு விலைக்கும் வாடகைக்கும் உள்ள தூரத்தில், 80% கடன் போட்டு வாங்கும் ஃபிளாட்டில் அது பெரும்பாலும் நடக்காது.

ஓர் உதாரணம். 50 லட்சம் ரூபாய்க்குப் பழைய ஃபிளாட், மாத வாடகை 16,000. ஆண்டுக்கு 1,92,000. குடித்தனம் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று 16,000 கழியுங்கள். சொத்து வரி 6,000, பழுதுபார்ப்பு 10,000 என்று வைத்தால் கையில் நிற்பது 1,60,000, அதாவது மாதம் சுமார் 13,300. கடன் 40 லட்சம், வட்டி 8.5%, 20 ஆண்டு என்றால் ஈஎம்ஐ 34,713. மாதாமாதம் 21,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். இதே வட்டியில், இதே தவணைக்காலத்தில் லட்சத்துக்கு ஈஎம்ஐ 868 ரூபாய். 13,300ஐ 868ஆல் வகுத்தால் 15 சொச்சம். இந்த வீட்டு வாடகை தாங்கும் கடன் 15 லட்சம்தான். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் நீங்கள் மாதம் 868 ரூபாய் கைப்பணம் போடுகிறீர்கள். எவ்வளவு காலம் போட முடியும் என்பதைப் பார்த்து விலையைப் பேசுங்கள். விலையை முடித்துவிட்டு வாடகையைத் தேடாதீர்கள்.

கைப்பணம் எவ்வளவு வேண்டும்

ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% வரைதான் கிடைக்கும். இது உச்சவரம்பு மட்டுமே. வங்கியின் மதிப்பீட்டாளர் உங்கள் 50 லட்சம் வீட்டை 46 லட்சம் என்று எழுதினால் 80% அந்த 46க்குத்தான். முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளும் இந்தக் கணக்கில் சேராது.

பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு (அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் விலை) இரண்டில் எது கூடுதலோ அதற்கு. மேலே சொன்ன வீட்டுக்கு இதுவே 4.5 லட்சம். புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து மொத்த மதிப்பில் கணக்கு: 50 லட்சம் வரை 4%, 3 கோடி வரை 5%, அதற்கு மேல் 7%, இவற்றோடு பதிவுக் கட்டணம் 2%. கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால் பொதுவாக 5% ஜிஎஸ்டியும் உண்டு. கட்டி முடியும் வரை வாடகையும் வராது. வாடகைக்காகவே வாங்குகிறவருக்குப் பழைய ஃபிளாட்டே பெரும்பாலும் பொருந்தும். அந்தக் கட்டடத்தில் இப்போது என்ன வாடகை ஓடுகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

வங்கிக் கட்டணம், வக்கீல், புரோக்கர் கமிஷன், அடமான ஒப்படைப்புப் பதிவு (அசல் பத்திரத்தை வங்கியில் அடமானமாகக் கொடுத்ததைப் பதிவது), பெயின்ட், பிளம்பிங் எல்லாம் சேர்த்தால் 10 லட்சம் முன்பணம் என்று நினைத்த இடத்தில் 16 லட்சம் வரை தேவைப்படும். குறையும் பணத்துக்குத் தனிநபர் கடன் வாங்குவது இங்கே வழக்கமான தப்பு. அது சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றில்) ஏறும், ஈஎம்ஐ சுமை கூடும், கடைசி நேரத்தில் வீட்டுக் கடன் தொகையே குறையும்.

விற்பவர் ஒரு பகுதியை “கையில்” கேட்கலாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்துக்காக ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அவருக்கு அபராதம் விழலாம். உங்களுக்கோ பத்திரத்தில் குறையும் தொகைக்குக் கடன் கிடையாது. நாளை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

வட்டி ஏறினால்

2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரெப்போ இறங்கும்போது அங்கே இறக்கம் தாமதிக்கலாம். வட்டி ஏறும்போது ஈஎம்ஐயைத் தொடாமல் தவணைக்காலத்தை நீட்டுவது வழக்கம். மேலே சொன்ன 40 லட்சத்தில் ஆரம்பத்திலேயே வட்டி 9.5% ஆகி, ஈஎம்ஐ மட்டும் அப்படியே இருந்தால், 240 மாதம் ஏறக்குறைய 309 மாதமாகிவிடும். ஈஎம்ஐயைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனிநபரின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதமும் இல்லை.

வரிச் சலுகையை நம்பி வாங்குகிறவர்கள் கவனிக்க: வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30% கழிவு, பிறகு வட்டி. நம் உதாரணத்தில் 1,76,000 வாடகை வந்தால் வட்டிக்கு முன் 1,19,000 நிற்கும். முதலாண்டு வட்டி சுமார் 3,37,000. ஆக 2,18,000 நட்டம். பழைய வரி முறையில் இதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுகட்டலாம். புதிய முறையில் சம்பளத்தோடு ஈடுகட்டவே முடியாது.

வில்லங்கச் சான்றைப் படிப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 ஆண்டுக்கு எடுங்கள். ஃபிளாட்டுக்கு மட்டும் போட்டால் போதாது, அடி மனை முழுவதற்கும் போடுங்கள்.

முதலில் அடமானப் பதிவுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு அடமானத்துக்கும் பின்னால், கடன் அடைந்தது என்று சொல்லும் ஒரு ரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். “கடனை எப்போதோ அடைத்துவிட்டோம்” என்று வங்கிக் கடிதத்தைக் காட்டுவார்கள். ரசீது பதிவாகாத வரை சான்றில் கடன் நிற்கும். உங்கள் வங்கியின் வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார்.

அடுத்து யூடிஎஸ், அதாவது பிரிபடாத பாகம்: அடி மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் உள்ள பங்கு. மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி என்று வையுங்கள். அந்த மனையில் விற்ற எல்லா ஃபிளாட்டுகளின் யூடிஎஸ்ஸையும் சான்றிலிருந்து எழுதிக் கூட்டுங்கள். ஆறு வீட்டுக்கு 420 வீதம் எழுதியிருந்தால் 2,520 வரும். இல்லாத 120 சதுர அடியை யாரோ ஒருவருக்கு விற்றிருக்கிறார்கள். சாலைக்கு விட்ட நிலம் போக மிச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

பதிவாகாத உயிலும் வாரிசுத் தகராறும் வில்லங்கச் சான்றில் வராது. அதனால் தாய்ப் பத்திரத்திலிருந்து (மனையின் பழைய மூலப் பத்திரம்) தொடர்ச்சியாக நகல்கள், இறந்தவர் இருந்தால் வாரிசுச் சான்று, பவர் வைத்து விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது, அடி மனையின் பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகள்) ஒப்புதல் வரைபடம் எல்லாம் வேண்டும். வரைபடத்தில் நான்கு வீடு, நேரில் ஆறு வீடு என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது பகலில் ஒருமுறை, மழை பெய்யும் நாளில் ஒருமுறை போங்கள். 2015, 2023 டிசம்பர்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. போர் தண்ணீரின் உப்பும், கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவும் வாடகையை நேராகத் தொடும்.

ஒப்பந்தம் முதல் குடித்தனம் வரை

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். “வங்கிக் கடன் சட்டக் காரணத்தால் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும்” என்ற வரி அதில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாடகைக்கு ஆள் இருந்தால் அவர் கொடுத்த அட்வான்ஸை விலையில் கழித்து எழுதுங்கள். நாளை அவர் அதை உங்களிடம்தான் கேட்பார். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விலையிலிருந்து 1% டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் வேலை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதமே வேறு, ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பழைய பத்து மாத வழக்கத்தை நம்பி கைப்பணக் கணக்குப் போடாதீர்கள். போக்கியத்துக்கு விட்டு (மாத வாடகைக்குப் பதில், பிறகு திருப்பித் தர வேண்டிய ஒரு பெரிய தொகை வாங்கி) மொத்தமாக வரும் பணத்தைக் கடனில் கட்டுகிறவர்களும் உண்டு. வட்டி குறையும், உண்மைதான். ஆனால் கெடு முடியும் நாளில் அந்த முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும், அல்லது அடுத்த போக்கியக்காரர் காத்திருக்க வேண்டும்.

பதிவு முடிந்த வாரமே சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். வங்கியிடம் ஒப்படைத்த அசல் பத்திரங்களின் பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததும் வங்கி அதிகாரியை அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதைப் பதிவு செய்துவிடுங்கள்.