கடை முதலாளியின் உண்மையான சிக்கலை முதற் சந்திப்பில் கண்டறிவது எப்படி?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய இடங்களில் தேயிலைத் தோட்டங்களை அண்டியிருக்கும் சில்லறைக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருளை இயக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, விலை பேசுவதற்கு முந்தைய உரையாடலை மட்டும் விளக்குகிறேன். முதலாளி முதலில் சொல்லும் குறை, நாம் என்ன விற்க வந்திருக்கிறோம் என்பதைப் பார்த்து அவர் சொல்லும் குறையாகவே பெரும்பாலும் இருக்கும்.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள். தோட்டச் சம்பளம் பொதுவாக அடுத்த மாதம் 10ஆம் திகதியளவில் கிடைப்பதால், அதையொட்டிய நாட்களில் கடைக்காரர் பற்று, அதாவது கடனுக்குக் கொடுத்த சாமானின் காசு, வசூலிப்பதில் மூழ்கியிருப்பார். 20ஆம் திகதிக்குப் பின், வார நாள் ஒன்றின் பிற்பகலில் செல்லுங்கள். அப்போது கடன் மீண்டும் ஏறிக்கொண்டிருக்கும். அவர் மனதிலும் அதுவே இருக்கும்.

2. கொப்பியும் பேனையும் போதும். மடிக்கணினியைப் பையிலேயே வைத்திருங்கள். திரை திறந்துவிட்டால் பேச்சு திரையைப் பற்றியதாகிவிடும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வதை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஊராரின் கடனைப் பற்றிப் பேசும் மனிதர், பதிவாகிறது என்று அறிந்ததும் வாயை மூடிக்கொள்வார்.

3. கடைசியாக நடந்த ஒரு நிகழ்வைக் கேளுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "பற்றுக் கொப்பியை யார் எழுதுகிறார்கள், முதலாளி?" என்று தொடங்கினால், "எழுத நேரமே இல்லை, தம்பி" என்ற பதில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு மென்பொருளின் வேகத்தைப் புகழத் தொடங்காதீர்கள். "போன சம்பளத்துக்கு வர வேண்டிய காசில் எவ்வளவு வரவில்லை? யாருடையது என்று சொல்ல வேண்டாம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மௌனம் நீண்டாலும் அதை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

"ஏன் அவ்வளவு கடன் கொடுத்தீர்கள்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பற்று என்பது உறவோடும் முகத்தாட்சணையோடும் கலந்திருப்பதால், அந்தக் கேள்வி குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். அவர் தம்மை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்.

இவ்வாறு கேட்கும்போது வெளிவரும் பதில் பெரும்பாலும் தொழிலாளர் பறிக்கும் தேயிலைக் கொழுந்தைப் பற்றியதாக இருக்கும். குறித்த கிலோ எடுக்காதவருக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம்தான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்த பின் பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது. ஆண்டின் தொடக்க மாதங்களின் வரட்சியில் கொழுந்தும் குறையும். ஆனால் அரிசியையும் மாவையும் முழுப் பேர் கிடைக்கும் மாதத்தைப் போலவே கடை கொடுத்துவிடுகிறது. வருமானம் குறைந்தது சம்பள நாளன்றுதான் முதலாளிக்குத் தெரியவருகிறது. மொத்த வியாபாரியோ அதே வாரத்தில் காசு கேட்கிறார். ஆகவே முதலாளிக்குத் தேவைப்படுவது வேகமாகப் பில் போடும் வசதியன்று. ஒவ்வொரு வீட்டின் பற்றும் போன மாதத்தை விட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மாத நடுவிலேயே காட்டும் ஒரு பட்டியல். எழுத நேரமில்லை என்ற முதற் பதிலோடு நின்றிருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

4. சிக்கலின் அளவை அவரே சொல்லட்டும். இழப்பை ரூபாவில் அவர் வாயால் கேளுங்கள். பின்னர், "இதைச் சரிசெய்ய இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். தனிக் கொப்பி போட்டவர், சிலருக்கு மாவை நிறுத்திப் பார்த்தவர் உண்மையிலேயே வருந்துகிறார். எதையுமே செய்யாதவருக்கு அது வாங்கத் தூண்டும் அளவுக்குப் பெரிய சிக்கல் அன்று.

5. கொப்பி எழுதுபவரிடமும் பேசுங்கள். பல கடைகளில் அது முதலாளியின் மனைவி. எந்த வீட்டில் பற்று ஏறுகிறது என்பதை அவரே முதலில் அறிவார்.

6. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் பயன்படுத்திய சொற்களிலேயே சொல்லிவிட்டு, "இதில் நான் பிழையாக விளங்கிக்கொண்டது எது?" என்று கேளுங்கள். "சரிதானே?" என்றால் மரியாதைக்காக ஆமென்று சொல்லிவிடுவார்கள். உங்கள் மென்பொருளால் அந்தப் பட்டியலைத் தர முடியாதென்றால், அதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: வெலிமடைப் பக்கக் கடைகளில் மூன்றாவது படி பலிக்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரியே. உருளைக்கிழங்கும் கரட்டும் பயிரிடுவோர் சம்பள நாளில் அல்ல, அறுவடை விற்ற பிறகே கடனை அடைக்கிறார்கள். அங்கே "போன சம்பளத்துக்கு" என்பதற்குப் பதிலாக "போன போகத்துக்கு" என்று கேட்டு, மரக்கறி மொத்த விற்பனைச் சந்தையான கெப்பெட்டிபொல பொருளாதார நிலையத்தில் அப்போது கிடைத்த விலையையும் சேர்த்து விசாரியுங்கள்.