கல்லைப் புரட்டி ஆற்று நீரைச் சோதிப்பது எப்படி?

புட்டியில் பிடித்த நீர் அந்த நொடியின் நிலையைத்தான் சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலைக்குள் கீழே போயிருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அடிக்கற்களில் வாழும் சிற்றுயிர்கள் அதற்குத் தப்ப முடியாது. எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்த்தாலே ஆற்றின் நிலை தெரிந்துவிடும்.

முழங்காலுக்குக் கீழே ஆழமுள்ள, கற்கள்மேல் நீர் சலசலத்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தனியாக இறங்காதீர்கள். நுண்கண்ணி வலையின் வாயை நீர் வரும் திசைக்குக் காட்டி, அதற்கு மேல்புறம் நின்று மூன்று நிமிடம் காலால் அடிக்கற்களைக் கிளறுங்கள். பிடிபட்டதை ஆற்று நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். நிறத்தட்டில் பாதி உயிர்கள் கண்ணுக்கே படாது. எடுப்பதற்கு மெல்லிய தூரிகைதான் வேண்டும். இடுக்கி வேண்டவே வேண்டாம். வாலும் காலும் ஒடிந்தால் அடையாளம் போய்விடும்.

அடுத்தது இனம் பிரிப்பது. பலரும் தடுமாறுவது இங்கேதான். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இரண்டும் இளம்பருவத்தில் நீரடியில் வாழும் பூச்சிகள். மேஃப்ளைக்கு மூன்று வால், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு என்பார்கள். ஆனால் இரண்டு வால் மேஃப்ளைகளும் உண்டு. ஆகவே வாலை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். அதன் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் படபடத்தால் மேஃப்ளை. வயிற்றோரம் வெறுமையாக இருந்தால் லென்ஸ் வைத்துப் பாதத்தைப் பாருங்கள்: இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை, ஒன்று என்றால் மேஃப்ளை. ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கும் பின்னால் மூன்று நீட்சிகள் இருக்கும். அவை அகன்ற செவுள்கள்.

இந்தக் குழப்பம் மதிப்பெண்ணையே மாற்றிவிடும். சிற்றுயிர்களை வைத்து ஆற்றுக்கு மதிப்பெண் போடும் தென்னாப்பிரிக்காவின் மினிசாஸ் முறையில் 13 குழுக்கள். அசுத்தத்தைத் தாங்காத குழுவுக்கு அதிக மதிப்பெண். ஸ்டோன்ஃப்ளைக்கு 17, நீரில் வளரும் இன்னொரு பூச்சியான கேடிஸ்ஃப்ளைக்கு 9, ஊசித்தட்டானுக்கு 4, அட்டைக்கு 2. எத்தனை பிடிபட்டன என்பது கணக்கில்லை. குழு இருந்தாலே போதும். கூட்டிக் குழுக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அட்டை 2, நத்தை 4, புழு 2, ஈ இனம் 2 மட்டுமே கிடைத்தால் சராசரி 2.5, ஆறு மோசமான நிலையில் இருக்கிறது.

அந்த அளவுகோல் அந்நாட்டு ஆறுகளுக்கானது. வெப்பமான சமவெளி ஆறுகளில் ஸ்டோன்ஃப்ளை இயல்பாகவே அரிது. அதனால், கழிவு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் ஒரே நாளில் ஒரே முறையில் எடுத்து ஒப்பிடுவதையே நான் நம்புகிறேன்.

பின்சேர்க்கை: வெள்ளத்துக்குப் பின் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். வெள்ளம் உயிர்களை அடித்துச் சென்றுவிடும். சில வாரம் பொறுத்து எடுங்கள். பார்த்த உயிர்களை அதே இடத்தில் விட்டுவிடுங்கள். அடுத்த ஆற்றுக்குப் போகுமுன் வலையைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். நத்தை முட்டைகள் அதில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும்.