பீட்சா பார்ட்டி: ஓவன் வாசலில் யாரும் அழாமல் நடத்துவது எப்படி

என் மகளுக்கு எட்டு வயது முடிந்த அன்று பன்னிரண்டு குழந்தைகளைக் கூப்பிட்டு, "உன் பீட்சாவை நீயே செய்" என்று ஒரு பார்ட்டி வைத்தேன். படங்களில் பார்த்தபோது ரொம்ப சுலபமாகத் தெரிந்தது. நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு மாவு உருண்டை கொடுத்தேன். கடைசி இரண்டு பேர் கையில் பீட்சா போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். அதற்குள் முதலில் சாப்பிட்ட இருவருக்குத் திரும்பப் பசி எடுத்துவிட்டது, நடுவில் இருந்த ஒருத்தி "அது என்னோடது, அவன் எடுத்துட்டான்" என்று அழுதுகொண்டிருந்தாள், நான் கையுறையும் வியர்வையுமாக ஓவன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கேக் வெட்டினதையே நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று முறை நடத்திவிட்டேன், ஒருமுறை பதினைந்து வயதுப் பையன்களுக்கு. இப்போது பன்னிரண்டு பேருக்கும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் பீட்சா வந்துவிடுகிறது. என்ன மாற்றினேன் என்று எழுதுகிறேன். அழைப்பிதழ், பலூன், தோரணம் பற்றியெல்லாம் இதில் எதுவும் இருக்காது, அது உங்களுக்கே தெரியும்.

முதலில் ஓவனைப் பாருங்கள்

எல்லாரும் "முதலில் தீமை முடிவு செய்யுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். (தீம் என்ற சொல்லோடு ஐ உருபு சேர்ந்தால் என்ன ஆகிறது பாருங்கள். என் முதல் பார்ட்டிக்கு அது பொருத்தமான சொல்தான்.) நான் சொல்வது வேறு. உங்கள் ஓவனில் ஒரே தடவையில் எத்தனை பேருடைய சாப்பாடு வேகும்? அதை வைத்து மெனுவை முடிவு செய்யுங்கள், அலங்காரம் அப்புறம்.

என் கணக்கு எங்கே இடித்தது என்றால், பெரிய பீட்சா இரண்டுதான் ஓவனில் ஒரு தடவைக்கு உட்காரும். பச்சை மாவு வேகப் பன்னிரண்டு நிமிடம் என்று குறிப்பில் போட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் சூடு இறங்கும், திரும்ப ஏற வேண்டும், ஆக நடைமுறையில் பதினைந்து நிமிடம். பன்னிரண்டு பேர், இரண்டு இரண்டாக ஆறு ஈடு, தொண்ணூறு நிமிடம். காகிதத்தில் ஒரு வரி பெருக்கல், அதைப் போட்டுப் பார்க்காமல் பிறந்தநாள் கொண்டாடப் போனேன். பந்திக்கு முந்தினவனுக்குப் பீட்சா, பிந்தினவனுக்கு அழுகை.

ஓவனே வேண்டாம் என்று நினைத்தால் சாண்ட்விச், பழக்குச்சி, கப்கேக் அலங்காரம் என்று வேகவைக்க வேண்டாத விஷயங்களுக்குப் போய்விடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள கூட்டத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

முந்தின நாளே பீட்சாவின் அடித்தட்டை அரைவேக்காடு போட்டு வையுங்கள்

முழுப் பதிவிலும் முக்கியமான படி இதுதான், மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

அரை கிலோ மைதா, 325 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். பிசைவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. மாவு இரண்டு மடங்காக உப்பும் வரை விடுங்கள். இந்த அளவில் எழுபது கிராம் உருண்டை பன்னிரண்டு வரும். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்கும், அதனால் பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோ மைதா, இருபத்துநாலு உருண்டை.

ஒவ்வொன்றையும் பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்த்து, முள்கரண்டியால் பத்துப் பதினைந்து குத்துக் குத்துங்கள். நான் முதல் ஈட்டில் குத்த மறந்தேன். ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆறும் பலூன் மாதிரி எழும்பி நிற்கின்றன, அதன் தலையில் எந்த சாஸ் நிற்கும்? 220 டிகிரியில் நாலு நிமிடம் போதும். மேல்பாகம் வெளுத்தே இருக்க வேண்டும், தொட்டால் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். பழுப்பு நிறம் தெரிந்தால் தாமதம், மறுநாள் இரண்டாவது முறை ஓவனுக்குப் போகும்போது அது பிஸ்கட் ஆகிவிடும்.

நன்றாக ஆறிய பிறகு அடுக்குங்கள். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே நீர் வியர்த்து, மறுநாள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஈரத் துணியாகக் கிடைக்கும். அதுவும் அனுபவம்தான்.

இதில் ஒரு லாபமும் உண்டு. பச்சை மாவில் குழந்தைகள் கை வைத்தால் அது வாய்க்குப் போகாமல் இருக்காது. வேகாத மைதாவில் ஈ.கோலி போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்பு உண்டு, முட்டை சேர்க்காத மாவென்றாலும் அப்படியே தின்னக் கூடாது. அரைவேக்காடு போட்டுவிட்டால் அந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும். மாவு உருட்டும் குதூகலம் போய்விடுமே என்றால், போகும்தான். ஆனால் அவர்களுக்கு நிஜமான குதூகலம் மேலே தூவுவதில்தான் இருக்கிறது, மாவில் அல்ல என்பது என் கருத்து.

பெயர் எழுதுங்கள், பென்சிலால்

"அது என்னோடது" சண்டைக்கு மருந்து இது. பேக்கிங் பேப்பரை ஆளுக்கு ஒரு சதுரமாக வெட்டி, மூலையில் பென்சிலால் பெயர் எழுதி, அதன் மேல் அடித்தட்டை வைத்துக் கொடுத்துவிடுங்கள். பீட்சா அந்தச் சதுரத்தோடே ஓவனுக்குள் போய், அதோடே தட்டுக்கு வரும். ஒருமுறை மார்க்கர் பேனாவால் எழுதினேன், எண்ணெய் பட்டதும் மை கரைந்து வழிந்தது. அந்தப் பேப்பர் எத்தனை டிகிரி தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தூவும் சாமான்கள்

ஆறு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். பத்து வைத்தால் பிள்ளைகள் பத்தையும் போடுவார்கள், நடு ஊறி நீர் கட்டும். காளானை முதலிலேயே வதக்கி நீரை வற்றவிடுங்கள், தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிடுங்கள், டின் அன்னாசியை நன்றாக வடியுங்கள். கோழி போடுவதென்றால் முழுவதும் வெந்ததை மட்டும் வையுங்கள், பீட்சா ஓவனில் இருக்கும் ஏழெட்டு நிமிடத்தில் பச்சைக் கறி வேகாது. மொசரெல்லாவில் நீரில் மிதக்கும் உருண்டை வேண்டாம், ஈரம் குறைந்த கட்டியை வாங்கி நீங்களே துருவுங்கள். துருவியே விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொடி சேர்த்திருப்பார்கள், அவ்வளவு நன்றாக உருகாது. அவசரத்துக்கு அதுவும் சரி, யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

சாஸுக்கு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் நீங்கள் ஊற்றுங்கள். இதில் மட்டும் ஜனநாயகம் கூடாது.

200 டிகிரி, ஏழெட்டு நிமிடம், ஒரு ட்ரேயில் ஆறு. இரண்டு ட்ரேயையும் ஒன்றாக மேலும் கீழும் வைக்கத் தோன்றும். என் ஓவனில் மேலே கருகி, கீழே வெளுத்துப் போனது. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலே கடைசிக் குழந்தைக்கு இருபது நிமிடம்தான் ஆகிறது. வெளியே எடுத்ததும் மூன்று நிமிடம் ஆறவிடுங்கள், உருகிய சீஸ் மேலண்ணத்தில் ஒட்டினால் அன்றைய பார்ட்டி அதோடு முடிந்தது.

அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு

என்னிடம் இருப்பதிலேயே சிறந்தது மூக்கு விளையாட்டு. கண்ணை மூடி, மூக்கையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பழச்சுவை ஜெல்லி மிட்டாய் ஒன்றை வாயில் போடுங்கள். என்ன பழம்? இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மென்றுகொண்டே மூக்கை விடச் சொல்லுங்கள். "ஆ, ஆரஞ்சு!" என்று கத்துவார்கள். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை, அதனால்தான் ஜலதோஷம் பிடித்தால் எதுவும் ருசிப்பதில்லை. பத்து மிட்டாயில் இருபது நிமிடம் ஓடிவிடும்.

கருவிகள்: எது வேண்டும், எது வேண்டாம்

டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். உருண்டைகள் ஒரே எடையில் இல்லையென்றால் ஒரே நேரத்தில் வேகாது. பீட்சா வெட்டும் சக்கரம் வேண்டாம், சமையலறைக் கத்தரிக்கோல் போதும். பீட்சாக் கல் வேண்டவே வேண்டாம். கப்கேக் பார்ட்டி என்றால் க்ரீம் பிழியும் நாஸில் செட்டுக்குப் பதில் ஜிப் பையின் மூலையை வெட்டிக் கொடுங்கள், வாயை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் பிள்ளை அழுத்தும்போது க்ரீம் மேல்பக்கமாகச் சட்டைக்கு வரும்.

சாக்லேட் ஃபவுண்டன் வாங்கலாமா என்றால், வாங்காதீர்கள். கழுவுவது நரகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணத்தில் சாக்லேட்டை உருக்கி வைத்தால் அதே வேலைதான். பழத்தைத் துடைத்து உலர்த்தி வையுங்கள், ஈரம் சொட்டினால் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

அலர்ஜி

அழைக்கும்போதே பெற்றோரிடம் கேளுங்கள். "ஏதாவது சாப்பிடக் கூடாதா?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம் சாப்பிடுவான்" என்றுதான் பதில் வரும். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, மற்ற கொட்டைகள், எள், சோயா, மீன், இறால் வகை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எள்ளை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் பட்டியலில் அது ஒன்பதாவதாகச் சேர்ந்தது 2023-ல்தான். கரண்டி மாறிப் போவதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வாமை உள்ள குழந்தையை எல்லாருக்கும் முன்னால், கிண்ணங்களில் யாரும் கை வைப்பதற்கு முன்பே, தன் பீட்சாவைச் செய்ய விடுங்கள். அந்தக் குழந்தைக்கு அது மரியாதையாகவும் இருக்கும்.

பதின்வயதுக்காரர்கள்

என் மூத்தவன் "தீம் கீம் எல்லாம் வேண்டாம்மா" என்றுவிட்டான். சரி. அவர்களிடம் அலங்காரத்தைக் கொண்டுபோனால் கூச்சப்படுகிறார்கள், போட்டியைக் கொண்டுபோனால் விழுந்தடித்துக்கொண்டு வருகிறார்கள். நாலு பேர் கொண்ட மூன்று அணி, மூடிய பையில் ஐந்து பொருள், அதில் ஒன்று வில்லங்கமானது (நான் வைத்தது பேரிக்காய்), நாற்பது நிமிடம். அடித்தட்டு இருபது சென்டிமீட்டர், ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள். ஓவன் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு அணி மட்டும். நீங்கள் சமையலறையை விட்டு வெளியே போய்விடுங்கள், ஆனால் ரொம்ப தூரம் வேண்டாம். பேரிக்காய், சீஸ், மிளகு போட்டுச் செய்த அணிதான் ஜெயித்தது.

நிறமற்ற எலுமிச்சை சோடாவைச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் கலந்து வைத்தேன். மூன்றும் ஒரே சோடா. சிவப்பில் ஸ்ட்ராபெர்ரி வாசம் வருகிறது என்று ஒருத்தன் சத்தியமே செய்தான்.

படித்தவர்கள் கேட்டதிலிருந்து சேர்த்தவை

ஓவன் இல்லையே என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். அரைவேக்காட்டுத் தட்டு இருந்தால் பிரச்சினையே இல்லை. கனமான தவாவில் சாமானெல்லாம் போட்டு, மிகக் குறைந்த தீயில் மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். அடித்தட்டையும் தவாவிலேயே இருபுறமும் லேசாகப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஜெல்லியில் அன்னாசி போட்டேன், உறையவே இல்லை என்று ஒருவர். சூடுபடுத்தாத அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் ஜெலட்டினைக் கரைக்கும் என்சைம் இருக்கிறது. டின் அன்னாசி சூடுபடுத்தப்பட்டது, அது உறையும்.

தம்பி தங்கைகளும் கூடவே வந்துவிடுகிறார்களே என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நியாயமான கவலை. நாலு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் பாப்கார்ன், முழுக் கொட்டை, மார்ஷ்மெல்லோ, முழு திராட்சை வைக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், வட்டமாக வெட்டினால் தொண்டையை அடைக்கும் அளவு அப்படியேதான் இருக்கும்.

இனிப்பு தின்றால் பிள்ளைகள் தலைகீழாகக் குதிப்பார்களே என்று அடிக்கடி வரும் கேள்வி. 1995-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. பன்னிரண்டு பேரை ஒரு அறையில் விட்டால் சர்க்கரை இல்லாமலும் குதிப்பார்கள்.

மிச்சத்தை என்ன செய்வது என்றும் கேட்டார்கள். தூவும் சாமான் கிண்ணங்கள் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால், வெயில் காலத்தில் ஒரு மணி நேரம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தூவாத அடித்தட்டுகளை ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். எனக்கு ஒவ்வொரு முறையும் ஐந்தாறு மிஞ்சும், அடுத்த வாரம் ஏதாவது ஒரு ராத்திரி சமைக்க அலுப்பாக இருக்கும்போது வெளியே வரும்.