எம்.பி.ஏ. வேலைவாய்ப்பு அறிக்கையைப் படிக்கும் முறை

எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன், கல்லூரி வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையில் பெரிய எழுத்தில் உள்ள சதவீதத்தை விட்டுவிட்டு, அதன் அடிக்குறிப்புகளை முதலில் படியுங்கள். அந்தச் சதவீதம் பெரும்பாலும் மொத்த மாணவர்களை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. சொந்தத் தொழில் தொடங்குபவர்களையும், நிறுவனத்தின் செலவில் படித்துவிட்டு அங்கேயே திரும்புபவர்களையும் 'வேலை தேடாதவர்கள்' என்று ஒதுக்கிய பிறகே அது வருகிறது. உதாரணமாக, 200 பேர் கொண்ட வகுப்பில் 40 பேரை ஒதுக்கி, மீதி 160 பேரில் 136 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் அறிக்கை 85 சதவீதம் என்று சொல்லும், ஆனால் முழு வகுப்பையும் வைத்துப் பார்த்தால் அது 68 சதவீதம்தான். இதில் பொய் எதுவும் இல்லை என்றாலும், கட்டணத்துக்காகக் கடன் வாங்கப்போகிறவர் அறிய வேண்டியது இரண்டாவது எண்ணையே.

சம்பளத்திலும் சராசரியைவிட இடைநிலை மதிப்பையே (எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) பாருங்கள், ஏனெனில் மிகப் பெரிய சம்பளம் பெறும் நாலைந்து பேரே சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். எத்தனை பேர் தங்கள் சம்பளத்தைத் தெரிவித்தார்கள் என்பதும், நீங்கள் போக நினைக்கும் துறைக்கு எத்தனை பேர் சென்றார்கள் என்பதும் அதே பக்கங்களில் கிடைக்கும். துறை மாற விரும்புகிறவருக்கு, என் கணிப்பில், இந்தக் கடைசி விவரம்தான் மிக முக்கியம்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கும் பகுதிநேர, எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ. படிப்புகளுக்கு இந்த முறை பொருந்தாது, ஏனெனில் அங்கே பலர் நாடுவது புதிய வேலையை அன்று, இருக்கும் இடத்திலேயே பதவி உயர்வை.